ஆம்ப் குமிழ் கொரகொரக்கிறது: துடைப்பதா, நாமே மாற்றுவதா, பட்டறைக்கு அனுப்புவதா?

இங்கே தென்னாப்பிரிக்காவில், தைப்பூசத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் இருக்கும் அக்கா மகன் 15 வாட் கிட்டார் பயிற்சி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று வைத்திருக்கிறான். "மாமா, வால்யூமைத் திருப்பினா அப்பளம் நொறுக்கற மாதிரி சத்தம் வருது" என்றான். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் சித்தி மகள். சர்ச்சில் வாசிக்க நாலு மாதத்துக்கு முன் வாங்கிய ஆம்ப்பில் ட்ரெபிள் (கூரிய ஒலியைக் கூட்டிக் குறைக்கும்) குமிழ் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். மூன்றாவது டர்பன் மெர்பேங்க் பெரியப்பா. கல்யாண வீடுகளில் பேண்ட் வாசித்த காலத்து வால்வ் ஆம்ப்பை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். அதிலும் வால்யூம் கொரகொரக்கிறது. மூவரும் கேட்டது ஒன்றுதான்: "குமிழை நானே மாற்றலாமா?"

மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குமிழ் என்று நாம் சொல்வது விரலில் படும் பிளாஸ்டிக் தொப்பியை. அதற்குள் ஒரு தண்டு, தண்டின் மறுமுனையில் பேனலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகர டப்பி. அந்த டப்பிதான் பொட்டன்ஷியோமீட்டர். இங்கே பட்டறைகளில் சுருக்கமாக 'பாட்' என்பார்கள், தமிழ்நாட்டு ரேடியோ மெக்கானிக்கிடம் போனால் 'கன்ட்ரோல்'. உள்ளே குதிரை லாட வடிவில் கார்பன் தடம், அதை உரசிக்கொண்டு போகும் உலோக நாக்கு, வெளியே மூன்று கால்கள். ஒரு குவாட்டர் பன்னி சௌ (கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) வாங்கும் காசுக்குள் ஒரு பாட் வாங்கிவிடலாம். இந்த விலையைப் பார்த்துத்தான் புதிதாக இறங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். புதியதை வாங்குவதில் செலவில்லை, பழையதைக் கழற்றும்போதுதான் செலவு காத்திருக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

வால்வா, ட்ரான்சிஸ்டரா? எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். பின்பக்கக் கம்பி வலைக்குள் ஆரஞ்சாக ஒளிரும் கண்ணாடிக் குழாய் தெரிந்தால் அது வால்வ் ஆம்ப். அதற்குள் 300 முதல் 500 வோல்ட் வரை நேர்மின்சாரம் (டிசி) ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்தவர்களையும் அது உதறியிருக்கிறது, உயிரையும் எடுக்க வல்லது. ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் உள்ளே பெரும்பாலும் சில பத்து வோல்ட்டுகள்தான் இருக்கும், 230 வோல்ட் நுழையும் மூலையை மட்டும் ஒதுக்கிவிட்டால் ஓரளவு நிம்மதி. ஆனால் தூக்கினால் பஞ்சு போல இருக்கும் இந்தக் காலத்து ஆம்ப்புகளில் கனமான ட்ரான்ஸ்பார்மருக்குப் பதில் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை இருக்கும். அது 230 வோல்ட்டை நேராகத் திருத்தி 325 வோல்ட் அளவில் ஒரு கெப்பாசிட்டரில் நிரப்பி வைக்கிறது. அதையும் வால்வ் ஆம்ப் மாதிரியே மதியுங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். 2023-ல் லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது, "கரண்ட்தான் இல்லையே, இந்த இரண்டு மணி நேரத்தில் திறந்து பார்த்துவிடலாம்" என்று எனக்குத் தெரிந்தவர்களே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்கள். கரண்ட் சொல்லிவிட்டு வராது. சுவரில் மூன்று உருண்டைக் கால் பிளக் செருகியிருக்கும் வரை ஆம்ப் உயிரோடுதான் இருக்கிறது. பிடுங்கி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.

பாட் எதில் உட்கார்ந்திருக்கிறது? பழைய, விலை கூடிய ஆம்ப்புகளில் பாட் தகரச் சட்டத்தில் நட் போட்டு நிற்கும், கால்களுக்கு வயர் வரும். மலிவானவற்றில் பாட்டின் கால்கள் நேராகச் சர்க்யூட் போர்டிலேயே ஈயம் வைத்து (சால்டர் செய்து) ஒட்டப்பட்டிருக்கும். முதலாவது புதியவருக்குச் சுலபம், இரண்டாவது கஷ்டம். ஆனால் ஆபத்து தலைகீழ். கை வைக்கச் சுலபமானது பெரும்பாலும் வால்வ் ஆம்ப்பாகவும், ஆபத்து குறைந்தது போர்டு பாட்டாகவும் இருந்து தொலைக்கிறது.

கெட்டது உண்மையில் எது? திருப்பும்போது மட்டும் கொரகொரப்பு என்றால் அழுக்கு, அல்லது தடத்தில் நேர்மின்சாரம் கசிகிறது. குமிழைப் பக்கவாட்டில் அமுக்கினால் சத்தம் போய்ப் போய் வந்தால் ஈயப் பற்றில் விரிசல். ஒரே இடத்தில் எப்போதும் செத்துப்போனால் தடம் தேய்ந்துவிட்டது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் சத்தம் அடங்கவில்லையென்றால் தரைக்கு (கிரவுண்டுக்கு) போகும் கால் விட்டுப்போயிருக்கலாம். தொப்பி சுற்றச் சுற்ற ஒலியில் மாற்றமே இல்லையென்றால் பாட் மேல் பழி போட அவசரப்படாதீர்கள்.

மற்ற இரண்டு சின்ன விஷயம்: வீட்டில் ஏற்கெனவே என்ன கருவி இருக்கிறது, அடுத்து எப்போது வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய ஆம்ப்பை வெள்ளி இரவு திறக்காதீர்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|
| தொப்பியை மட்டும் மாற்றுவது | தண்டு நன்றாகத் திரும்பி, தொப்பி மட்டும் வழுக்கும்போது | அளவு தவறிய தொப்பி |
| துடைப்பது | கொரகொரப்பு மட்டும் | வேறு கோளாறைச் சில வாரம் மறைத்துவிடும் |
| நாமே பாட் மாற்றுவது | ட்ரான்சிஸ்டர் ஆம்ப், வாரண்டி முடிந்தது, அவசரமில்லை | கருவிகள், உரிந்துபோகும் போர்டு |
| வேறு ஆம்ப் வாங்குவது | பட்டறைக் கூலி ஆம்ப் விலையை நெருங்கும்போது | அடுத்தவர் கோளாறு உங்கள் வீட்டுக்கு |
| பட்டறை | வால்வ், ஸ்விட்ச் மோட், துடைத்தும் திரும்பி வரும் சத்தம் | காத்திருப்பு, பார்வைக் கூலி |

## தொப்பியை மட்டும் மாற்றுவது

லெனேசியாத் தங்கைக்குச் சொன்னது இதுதான். தொப்பியைக் கழற்று, விரலால் தண்டைத் திருப்பு. இரு முனையிலும் முட்டி நிற்கிறதா? நிற்கிறதென்றால் பாட்டுக்கு ஒன்றுமில்லை.

கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பேனலில் வடு விழும். ஷூ லேஸைத் தொப்பியின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனையையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுங்கள், வந்துவிடும். பக்கத்தில் குட்டி ஸ்க்ரூ இருந்தால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும், அது தெரியாமல் இழுத்துத் தண்டை முறித்தவர்கள் உண்டு.

அவள் ஆம்ப்பில் தண்டு நடுவில் பிளந்து, பல் போட்ட வகை. பிளவுக்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து ஒரு மயிரிழை அகலப்படுத்தச் சொன்னேன். தொப்பி இறுகிவிட்டது, காசே செலவில்லை. புதுத் தொப்பிதான் வாங்க வேண்டுமென்றால் தண்டைப் பார்த்து வாங்குங்கள். வழவழப்பான முழுத் தண்டுக்கு ஸ்க்ரூ வைத்த தொப்பி, அதிலும் 6 மில்லிமீட்டரும் 6.35 மில்லிமீட்டரும் உண்டு. பல் போட்டதில் 18 பல், 24 பல் என்று இரண்டு, ஒன்றுக்கு மற்றது ஏறாது. ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய தண்டுக்கு அதற்கேற்ற தொப்பி.

தண்டே முட்டாமல் சுற்றியிருந்தால் கதை வேறு. அப்போதும் திறக்காதே, கடைக்குக் கொண்டு போ என்றுதான் சொல்லியிருப்பேன். 2008-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் பொருள் பழுதானால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்வு செய்யும் உரிமை வாங்கியவருக்கு. கடை பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. ஆனால் நாமே உள்ளே கை வைத்து எதையாவது மாற்றிவிட்டால் அந்த உரிமை ஆட்டம் காணும்.

## துடைப்பது

டர்பன் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் காற்று வறண்டது, அங்கே புழுதி. இரண்டுமே பாட்டுக்குள் போய்ச் சேரும். கொரகொரப்பில் பெரும்பங்கு இந்த அழுக்குதான் என்பதால், பாட் வாங்கும் முன் ஒரு முறையாவது துடைத்துப் பாருங்கள்.

இதற்கென்று கான்டாக்ட் கிளீனர் டப்பா விற்கிறது. பாட்டுக்கும் ஃபேடருக்கும் (நேராகத் தள்ளும் கன்ட்ரோல்) என்று எழுதி, துடைத்த பின் சிறிது மசகும் விட்டுப்போகும் வகையாக வாங்குங்கள். வண்டிச் சாமானோடு கிடக்கும் சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம். அது அப்போதைக்கு அடக்கும், விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தில் பிறகு தூசி ஒட்டும். அதே பெயரில் மின் இணைப்புகளுக்கென்றே ஒரு கிளீனரும் வருகிறது, அது வேறு சரக்கு. வெறும் கரைப்பான் மட்டும் உள்ள கிளீனர் பாட்டின் கிரீஸைக் கழுவிவிட்டால் தண்டு தொளதொளவென்று ஆடும்.

முன்பக்கம் தண்டு இடுக்கில் பீச்சி அடிப்பதால் பெரிய பயனில்லை. திறந்து, மூன்று கால்கள் வெளியே வரும் பிளவில் ஒரு சின்னப் பீச்சு போதும். அப்புறம் முனைக்கு முனை இருபது முப்பது முறை திருப்புங்கள். நன்றாகக் காயும் வரை பிளக்கைச் செருகாதீர்கள், அந்தத் திரவம் பெரும்பாலும் எரியக்கூடியது. வால்வ் ஆம்ப்பென்றால் இந்தத் திறத்தல்கூட வேண்டாம்.

துடைத்து ஆறு மாதம் அமைதி என்றால் பிரச்சினை முடிந்தது. இரண்டே நாளில் திரும்பி வந்தால் மறுபடி துடைக்காதீர்கள். ஒன்று தடம் தேய்ந்திருக்கிறது, அல்லது பாட்டுக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் நேர்மின்சாரத்தைத் தடுக்காமல் கசியவிடுகிறது. இரண்டாவதென்றால் புது பாட் போட்டாலும் முதல் நாளே கொரகொரக்கும். சில பழைய மார்ஷல் வகை ஆம்ப்புகளில் பிரெசன்ஸ் (உச்ச ஒலியைத் தூக்கிக் காட்டும்) குமிழில் நேர்மின்சாரம் ஓடுவது வடிவமைப்பிலேயே உள்ளது. அந்த ஒரு குமிழ் கொஞ்சம் கரகரத்தால் அது அதன் பிறவிக்குணம்.

## நாமே பாட் மாற்றுவது

டொங்காட் மருமகன் துடைத்தான், கொரகொரப்பு குறைந்தது. ஆனால் வால்யூம் 2-க்கும் 3-க்கும் நடுவில் சத்தம் அறவே போவது மட்டும் மாறவில்லை. தடம் தேய்ந்துவிட்டது. ட்ரான்சிஸ்டர் ஆம்ப், கனமான ட்ரான்ஸ்பார்மர் உள்ளது, வாரண்டி முடிந்து இரண்டு வருடம், அடுத்த மாதம் வரை எங்கும் வாசிக்கவும் இல்லை. "நீயே செய், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் பொறுத்து, பெரிய கெப்பாசிட்டர்களின் கால்களில் மல்டிமீட்டரை வைத்து இரண்டொரு வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் விரலை உள்ளே விட்டான். அடுத்தது போட்டோ. நாலு பக்கத்திலிருந்தும், ஒவ்வொரு வயர் இணைப்பையும்.

புது பாட் வாங்குவதில்தான் பாதி வேலை. டப்பியின் முதுகில் 'பி50கே', 'ஏ250கே' என்று பொறித்திருக்கும். எண் கிலோ ஓம் கணக்கு. எழுத்து, திருப்பத் திருப்ப மின்தடை எப்படி ஏறுகிறது என்பதற்கு. இப்போது கிடைக்கும் ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்றால் லாக் (முதலில் மெதுவாக, பிறகு வேகமாக ஏறுவது), பி என்றால் லீனியர் (சீராக ஏறுவது), சில பழைய ஐரோப்பிய பாட்களில் இது தலைகீழ். சந்தேகமாக இருந்தால், கழற்றிய பாட்டின் தண்டை நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் மீட்டர் வையுங்கள். இரு பக்கமும் ஏறக்குறைய சரிபாதி காட்டினால் லீனியர், ஒரு பக்கம் மொத்தத்தில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் என்றால் லாக். வால்யூமுக்கு லாக் இருந்த இடத்தில் லீனியர் போட்டால் ஆம்ப் கெடாது. ஆனால் குமிழின் ஆரம்பத் திருப்பிலேயே சத்தத்தில் பெரும்பகுதி வந்துவிடும். போர்டில் இருக்கும்போதே மின்தடையை அளக்காதீர்கள், பக்கத்திலுள்ள பாகங்களும் சேர்ந்து குறைத்துக் காட்டும். கழற்றி அளந்தும் 50-க்குப் பதில் 44 காட்டினால் பயப்பட வேண்டாம், பாட்களில் 20 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பது சகஜம்.

மதிப்பு சரியாக இருந்தும் உட்காராமல் போகலாம். டப்பியின் விட்டம் 9, 16, 24 மில்லிமீட்டர் என்று உண்டு, கால்களின் இடைவெளி, கால் நேரா வளைந்ததா, தண்டின் நீளம், நட் ஏறும் கழுத்தின் பருமன், நடுவில் 'டிக்' என்று நிற்கும் வகையா. மருமகன் முதலில் வாங்கியதில் எல்லாம் சரி, கழுத்து மட்டும் பேனல் ஓட்டைக்குள் நுழையவில்லை. இன்னொரு முறை டர்பனுக்கு வண்டியோட்டம். பெட்ரோல் பாட்டைவிட அதிகம்.

கழற்றுவது. பல மலிவான ஆம்ப்புகளில் போர்டைத் தாங்கி நிற்பதே பாட்களின் நட்கள்தான், ஒன்றை எடுக்க எல்லாத் தொப்பியையும் எல்லா நட்டையும் கழற்ற வேண்டும். சில வருடம் முன்பு என்னுடைய பயிற்சி ஆம்ப்பில் நான் செய்த முட்டாள்தனம் இங்கேதான். மூன்று காலிலும் ஈயம் உருகிவிட்டதென்று நினைத்து குறட்டால் பாட்டைப் பிடித்து இழுத்தேன். நடுக்கால் இன்னும் ஒட்டியிருந்தது. அதோடு போர்டின் செப்பு வளையமும், அதிலிருந்து போன கோடும் உரிந்து வந்துவிட்டன. பிறகு சின்ன வயரை வைத்து ஒட்டுப்போட்டு ஒப்பேற்றினேன், இன்றும் பார்த்தால் அசிங்கம்.

அதனால் மருமகனுக்கு வேறு வழி சொன்னேன். பழைய பாட் எப்படியும் குப்பைக்குத்தான், காப்பாற்ற வேண்டாம். கால்களைக் கட்டரால் வெட்டி டப்பியை முதலில் எடுத்துவிடு. மீதி நிற்கும் மூன்று குச்சிகளையும் ஒவ்வொன்றாகச் சூடாக்கி இடுக்கியால் உருவு. இழுக்கக் கூடாது, தானாக வர வேண்டும். ஈயமில்லாச் சால்டர் 217 டிகிரி வாக்கில்தான் உருகும், பழைய ஈயச் சால்டர் 183-லேயே இளகும். உருக அடம் பிடித்தால் கொஞ்சம் ஈயச் சால்டரை மேலே உருக்கிக் கலந்துவிட்டால் வழிக்கு வரும். ஓட்டையில் மிஞ்சியதை உறிஞ்சும் பம்பு எடுத்துவிடும். சன்னலைத் திறந்து வை, முடித்ததும் கை கழுவு.

மாட்டும்போது முதலில் பேனலில் நட்டை இறுக்கிவிட்டு, அப்புறம் ஈயம் வைக்க வேண்டும். முறை மாறினால் நட்டை இறுக்கும்போது புதுப் பற்று விரியும். அந்த விரிசல்தான், "அமுக்கினால் வருது, விட்டால் போகுது" என்று அடுத்த வருடம் வரும். உங்கள் ஆம்ப்பில் இப்போதே அந்தக் கோளாறு என்றால் பாட்டே வாங்க வேண்டாம். பழைய பற்றைச் சூடாக்கிப் புது ஈயம் வைத்தால் போதும், புதியவர் கைக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது.

ஆறு மணிக்கு உட்கார்ந்தவன் பத்து மணிக்கு எழுந்தான். சால்டரிங் அயர்ன், பம்பு, கட்டர், மீட்டர் எல்லாம் என்னுடையவை. அவனே வாங்கியிருந்தால் பட்டறைக் கூலி மலிவாகத் தெரிந்திருக்கும். இனிமேல் கிட்டார் ஒயரும் ஜாக்கும் நீயே சரிசெய்வாய் என்றால் வாங்கு, இந்த ஒரு பாட்டுக்காக வாங்காதே.

## வேறு ஆம்ப் வாங்குவது

சின்னப் பயிற்சி ஆம்ப்பில் இரண்டு மூன்று பாட் ஒரே நேரத்தில் போய், பட்டறையும் கூடுதலாகக் கேட்டால் இதையும் யோசிக்கலாம். பழையது வாங்கினால் எல்லாக் குமிழையும் முனைக்கு முனை திருப்பி, பக்கவாட்டில் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். விற்பவர் "கொஞ்சம் துடைத்தால் போதும்" என்றால், ஏன் அவர் துடைக்கவில்லை என்று கேளுங்கள்.

## பட்டறைக்கு அனுப்புவது

பெரியப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று. "அந்தக் காலத்துல நாங்களே திறந்து பார்ப்போம்டா." பார்த்திருப்பார், அதிர்ஷ்டமும் இருந்திருக்கும். ஏற்கெனவே இரண்டு முறை துடைத்தும் விட்டாராம், ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாளே சத்தம் திரும்பி வந்தது.

வால்வ் ஆம்ப்பில் கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அதைத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்க வேண்டும், படித்துக் கற்பது சரிப்படாது. அதோடு, பாட்டில் நேர்மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். புதியவருக்கு அந்த வேலை கூடவே கூடாது.

பட்டறையில் போய் "பாட் மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள், மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எப்போது, எந்தக் குமிழில், துடைத்த பின் எத்தனை நாளில் என்று கோளாறை மட்டும் சொல்லுங்கள். செலவு மதிப்பீட்டை முதலில் கேளுங்கள். திறந்து பார்ப்பதற்கே கூலி உண்டென்றால் அதை முன்னாலேயே சொல்லி உங்கள் சம்மதத்தை வாங்க வேண்டும் என்பதும் அதே நுகர்வோர் சட்டம்தான். போட்ட புதுப் பாகத்துக்கும் வேலைக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகங்களையும் உங்களிடம் திருப்பித் தர வேண்டும், வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். எது மாற்றப்பட்டது என்பது அதில் தெரிந்துவிடும். நல்ல கைக்குக் கூட்டம் இருக்கும், சில வாரம் காத்திருக்க நேரலாம்.

பெரியப்பாவுக்கு மூன்று வாரம். ஆம்ப்போடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையும் வந்தது. உள்ளே உடம்பு வெடித்த கெப்பாசிட்டர் ஒன்று, அவ்வளவுதான். பாட்டை மாற்றவில்லை. கல்யாண வீடுகளில் அவர் விரல் பட்டுத் தேய்ந்த அதே குமிழ் அதே தண்டில் இருந்தது. திருப்பிப் பார்த்தார், சத்தமில்லை. "நான்தான் சொன்னேனே, குமிழ்ல ஒண்ணும் இல்லன்னு" என்றார்.